முப்பத்திரண்டாம் இலக்கத்தின் ஆறாவது ஃபவுல்

எங்கள் வீட்டில் விசில் அருள்மலரிடம் இருக்கிறது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். குடும்ப நிலவரத்தை நான் பூடகமாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். பூடகம் ஒன்றுமில்லை. கறுப்பு நாடாவில் தொங்குகிற உண்மையான பிளாஸ்ரிக் விசில். என் மனைவி அருள்மலர் கூடைப்பந்து நடுவர். ஜனார்த்தன் ஆகிய நான் அவளுடைய சாரதி, அவளுடைய சாம்பல் நிறச் சட்டையை அயர்ன் பண்ணுகிறவன், வீட்டில் அதிகம் ஃபவுல் வாங்குகிறவன்.

என் சொந்த வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடம். நான் பட்டர்ப் பகுதி. சாதாரணப் பயணிக்கு ஒரு பட்டர், முதலாம் வகுப்புப் பயணிக்கு இரண்டு. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த மூளையை நான் இந்த நாட்டில் பாவித்தது அந்தக் கணக்குக்குத்தான்.

அருள்மலர் ரொறன்ரோவின் கிழக்கே மல்வேர்னில் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஓட்டினாள். ஊரில் படிக்கிற காலத்தில் வலைப்பந்து விளையாடியவள். அந்த விளையாட்டில் எதிராளியின் உடம்பில் முட்டினால் குற்றம். முட்டியது பாடசாலை அதிபரின் மகளா, மாவட்டச் சம்பியனா என்று விதி பார்க்காது. அதிபர் பார்ப்பார், அது வேறு கதை. அதிபரின் மகளுக்கு எதிராக ஃபவுல் கேட்டு ஒரு தவணை முழுக்க அணியிலிருந்து நிறுத்தப்பட்டவள் அவள் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. முதலே தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன். கொஞ்சம் பயந்து கட்டியிருப்பேன்.

மாணவர்களைப் போட்டிக்கு ஏற்றிப் போகிற நாட்களில் அவள் உடற்பயிற்சி மண்டபத்தின் வாங்கில் குந்திக் காத்திருப்பாள். பொழுது போகாமல் அங்கே கிடந்த விதிப் புத்தகத்தைப் படித்தாள். ஒருநாள் நடுவர் வரவில்லை. யாருக்காவது விதி தெரியுமா என்று பயிற்சியாளர் கேட்டார். பஸ் சாரதி எழும்பினாள். அதன்பிறகு வகுப்பு, சோதனை, உயர்பள்ளி ஆட்டங்கள், பல்கலைக்கழக ஆட்டங்கள் என்று ஆண்டுகள் போயின. கடைசியில் சம்பளத்துக்கு விளையாடுகிற ஒரு லீக் அவளைக் கூப்பிட்டது.

அப்போது ஸ்கைடோம் அரங்கில் நடந்த பெரிய லீக் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருசில அணிகளை வைத்து ஓடிய சின்ன லீக். பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்களும் கிடைத்த இடத்தைத் தொலைத்தவர்களும் அதில் விளையாடினார்கள். ரொறன்ரோ அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர். நாரை. இப்போது அந்த லீக்கும் இல்லை, நாரையும் இல்லை, தேடவேண்டாம். அமெரிக்காவின் பெரிய லீக்கில் முதன்முதலாக இரண்டு பெண்கள் விசில் பிடித்து அப்போது ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. அந்தச் செய்தி வந்த சூட்டோடு எங்கள் சின்ன லீக்கும் ஒரு பெண்ணைத் தேடியது. ஒரு பருவம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள். 98ஆம் ஆண்டு மார்ச்சில், ஒரு ஞாயிறு பின்னேரம் நடக்கும் கடைசி ஆட்டத்தை நடுவர்களின் மேற்பார்வையாளர் ஹாரிங்ரன் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் அவள் நிரந்தரம். பஸ்ஸை விட்டுவிடலாம்.

அவள் அதை எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்குத்தான் தெரியும். இந்த நாட்டில் நாங்கள் செய்த மற்றதெல்லாம் கிடைத்த வேலை. இது ஒன்றுதான் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட வேலை.

சிக்கலின் பெயர் டெரல் வைஸ். ஹெரன்ஸ் அணியின் முப்பத்திரண்டாம் இலக்கம், ரசிகர்களின் கண்ணுக்குள் மணி. ஒரு காலத்தில் பெரிய லீக்கில் விளையாடியவர். அரங்கு நிரம்புவதே அவருக்காக. நானும் அவருடைய பக்தன். அவருடைய படம் போட்ட தொப்பியை வேலைக்குக்கூடப் போட்டுப் போவேன், மேலே சட்டப்படி, முடி விழாமல் தலைவலை போடவேண்டியிருப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை.

அருள்மலர் வீட்டில் அவருடைய ஆட்டங்களைப் பதிவுசெய்து பார்த்துப் படிப்பாள்.

"இஞ்சருங்கோ, உந்த ரேப்பை ஒருக்காத் திருப்பி விடுங்கோ. அவ்வளவுதான், விடுங்கோ. ஆர் ஆரைத் தள்ளினது?"

"வைஸ்."

"விசில் கேட்டதோ?"

"இல்லை."

"இப்ப இதைப் பாருங்கோ. அதே இடம், அதே கை. பேர் தெரியாத ஒருத்தன் தள்ளுறான். கேக்குதோ?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

"அவர் வைஸ் எல்லே," என்றேன். ஒரு பக்தன் வேறென்ன சொல்வான்?

"அது மட்டுமில்லை. இந்த றெஃபறி திங்கட்கிழமை இதை ஃபவுல் எண்டவர். வியாழக்கிழமை இதையே விளையாட்டு எண்டு விட்டவர். ஆக்கள் கூடக் கத்தின பக்கம் அவற்றை விசில் போகுது. உங்கட பிளேனிலை ரண்டு பட்டர் வைக்கிற மாதிரி."

"இஞ்சரும், அவை கூடக் காசு குடுத்தவை. அதாலை ரண்டு பட்டர்."

"வைஸ் ஆருக்குக் குடுத்தவர்?"

நான் ரேப்பைத் திருப்புகிற வேலையில் கவனமானேன்.

ஹாரிங்ரன் பார்க்க வருகிற ஆட்டத்தின் செய்தி சண்முகநாதன் அண்ணையின் காதுக்குப் போனதுதான் அடுத்த சிக்கல். அவர் எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர். வருடாவருடம் கோடையில் சங்கத்தின் கரப்பந்தாட்டப் போட்டியை நடத்துகிறவர். அந்தப் போட்டியில் நடுவரிடம் முதலில் கேட்கப்படுவது விதியைப் பற்றியது அல்ல. "தம்பி ஊரிலை எவடம்?" என்பதுதான். பதிலைக் கேட்டவுடன் ஒரு அணி சந்தோசப்படும், மற்ற அணி வேறு நடுவர் கேட்கும். இப்படிப் பழகிய மனிதருக்கு, எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வெள்ளைக்காரரின் ஆட்டத்துக்கு விசில் பிடிக்கிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

"தம்பி ஜனா, ஒரு வான் பிடிச்சிருக்கிறன். மல்வேர்னிலை இருந்து ஆக்களைக் கொண்டு வாறன். பிள்ளைக்கு சப்போட் பண்ணவேணும்."

"அண்ணை, அவ றெஃபறி. றெஃபறிக்கு ஆரும் சப்போட் பண்ணுறேல்லை."

"அதுதான் பிழை! பாவம், அந்தச் சனத்துக்குள்ளை அதுக்கு ஒரு ஆளில்லை. நாங்கள் இல்லாட்டி ஆர் இருக்கினம்?"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. எனக்கு இளகிய நெஞ்சு. பட்டரோடு பழகிய நெஞ்சு. அருள்மலரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அரங்கு உண்மையில் ஐஸ் ஹொக்கி அரங்கு. ஐஸின் மேல் பலகை அடுக்கி, பலகையின் மேல் கூடைப்பந்து. கீழேயிருந்து குளிர் காலுக்குள் ஏறியது. எங்கள் ஆட்கள் மூன்று வரிசையில் பெரிய ஜக்கெற்றோடு, மட்டன் றோல்ஸ் பெட்டிகளோடு, பிளாஸ்க்குகளோடு இருந்தார்கள். சண்முகநாதன் அண்ணை ஒரு மட்டையில் அருள்மலரின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மற்ற அணி ரொச்செஸ்ரரிலிருந்து வந்தது. மூன்று நடுவர்கள். தலைமை நடுவர் ஜெரி என்று ஒரு முதிர்ந்த மனிதர், இன்னொருவர், பிறகு இவள், ஆட்டக்காரரின் நெஞ்சளவு உயரத்தில். முதல் விசில் இவளுடையது. ரொச்செஸ்ரர் ஆட்டக்காரன் ஒருவன் கையில் அடித்துவிட்டான்.

எங்கள் மூன்று வரிசையும் எழும்பியது. "அருள்மலர்! அருள்மலர்!"

பக்கத்திலிருந்த ரசிகர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஹெரன்ஸுக்கு இவ்வளவு விசுவாசமான ஒரு புதுக் கூட்டமா என்று நினைத்திருப்பார்கள். அடுத்த விசில். இம்முறை வைஸ்மேல். அரங்கு முழுக்க "பூ" என்று ஊளையிட்டது. எங்கள் மூன்று வரிசை மட்டும் எழும்பிக் கைதட்டியது. புன்னகைத்தவர்கள் புன்னகையை வாபஸ் வாங்கினார்கள்.

அதன்பிறகு நிற்கவேயில்லை. அவள் எந்தப் பக்கம் ஊதினாலும் எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். மற்ற இரண்டு நடுவர்களும் ஊதினால் மௌனம். ஒருமுறை ஜெரி ஊதியதும் சண்முகநாதன் அண்ணை, "உவருக்கு என்ன தெரியும்!" என்று எழும்பிக் கத்தினார். உலகத்தில் ஒரு நடுவருக்கென்று ரசிகர் மன்றம் அமைத்த முதல் சமூகம் நாங்களாகத்தான் இருக்கவேண்டும். நானும் இரண்டு தடவை கைதட்டினேன். பிறகு அருள்மலர் ஓடுகிறபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

வைஸ் அன்று அவசரத்தில் இருந்தார். தள்ளினார், இழுத்தார், முழங்கையால் வழிசெய்தார். மற்ற இரண்டு நடுவர்களும் கூரையைப் பார்த்தார்கள். இவள் ஊதினாள். எதிரணி அதையே செய்தபோதும் ஊதினாள். ஒரு ஆட்டக்காரருக்கு ஆறு ஃபவுல் விழுந்தால் அவர் வெளியே போய்க் குந்தவேண்டும் என்பது விதி. இடைவேளைக்கு முதலே வைஸிடம் நாலு சேர்ந்துவிட்டது.

இடைவேளையில் நான் தண்ணீர்ப் போத்தலோடு நடுவர் அறைப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. ஹாரிங்ரன் உயரமான, மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அந்தக் கூட்டம் உங்களுடையதா?"

"நான் கூப்பிடவில்லை. நிறுத்துகிறேன்."

"நல்லது. மற்ற விசயம். நீங்கள் நன்றாகப் பார்க்கிறீர்கள். கண் கூர்மை. ஆனால் இந்த வேலை கண்ணால் மட்டும் செய்வதல்ல. சனம் வைஸைப் பார்க்க வந்திருக்கிறது. எதை விடுவது என்று ஒரு உணர்வு வேண்டும்."

"எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"என்ன?"

"புத்தகத்தில். வைஸ் தள்ளினால் வேறு, மற்றவன் தள்ளினால் வேறு என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் இல்லை," என்றார் ஹாரிங்ரன், வருத்தமாகவே. "எல்லாருக்கும் தெரியும்."

அவர் போனதும் அவள் என்னிடம் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. குளிரால் அல்ல.

"உந்தச் சனத்தை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"சண்முகநாதன் அண்ணை..."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை? வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ. ஒரு சத்தம் வரக்கூடாது. என்ரை பேரிலை மட்டை வேறை!"

"சரி, சரி. இஞ்சரும்..." நான் குரலைத் தாழ்த்தினேன். "அந்தாள் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்கு. இண்டைக்கு ஒரு நாள் கொஞ்சம் பாத்துச் செய்யும். நிரந்தரமாக்கினாப் பிறகு நீர் விரும்பின மாதிரி ஊதலாம் தானே."

அவள் தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள்.

"நிரந்தரமாக்கினாப் பிறகு வைஸ் தள்ளமாட்டாரோ?"

"தள்ளுவார்."

"அப்ப அண்டைக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்? அடுத்த வருசம் பாப்பம் எண்டு. எனக்கு உங்களைத் தெரியாதே?"

போத்தலை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். தெரியும். முழுசாகத் தெரியும்.

சண்முகநாதன் அண்ணையிடம் சொன்னேன். மனிதர் புண்பட்டுப்போனார். ஆனாலும் சொல்லைக் காத்தார். மட்டையை மடித்துக் குந்தினார். எங்கள் மூன்று வரிசையும் பிரேதம் எடுத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. றோல்ஸைக்கூட ஒருவரும் சத்தமாகக் கடிக்கவில்லை.

கடைசிக் கால்பகுதி. வைஸிடம் ஐந்து ஃபவுல். ரொறன்ரோ ஒரு புள்ளியால் முன்னுக்கு நிற்கிறது. ரொச்செஸ்ரர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு உயர எழும்புகிறது. கூடைக்குக் கீழே வைஸ், ரொறன்ரோவின் பதினான்காம் இலக்கம், எதிரணியில் அந்த வருடம்தான் சேர்ந்த மெலிந்த ஆட்டக்காரன், மூன்று பேரும் ஒரே குவியலாக எழும்பினார்கள். பந்து மெலிந்தவனின் விரல் நுனிக்கு வந்தது. வைஸ் இடது முழங்கையை அவன் விலாவில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அவன் பலகையில் சறுக்கிப்போய் படப்பிடிப்பாளரின் மடியில் விழுந்தான். பந்து வைஸிடம்.

விசில்.

யாருடையது என்று பார்க்கத் தேவை இருக்கவில்லை.

சனத்துக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு கூரை இடிந்தது. வைஸ் பந்தைத் தரையில் அடித்துவிட்டு இரு கையையும் விரித்து வானத்திடம் நியாயம் கேட்டார். அருள்மலர் புள்ளி எழுதுகிற மேசையை நோக்கி நடந்தாள். நடுவர் அங்கே போய், யார்மேல் ஃபவுல் என்பதை விரலால் காட்டினால்தான் அது எழுதப்படும். காட்டும்வரை அது ஒருவருடையதும் இல்லை.

பாதி வழியில் ஜெரி குறுக்கே வந்தார். நாங்கள் மேசைக்கு நேர் மேலே இருந்தோம். அவர் வாயைக் கையால் மறைத்துப் பேசினார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவளே சொன்னாள்.

"பதினான்கு தானே?"

"இல்லை."

"மூன்று பேர் எழும்பினார்கள். யாருக்கும் தெரியாது. பதினான்கிடம் இரண்டு ஃபவுல்தான். பதினான்கைக் கொடுங்கள். ஃபவுலும் இருக்கும், வைஸும் இருப்பார், நீங்களும் இருப்பீர்கள்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு உதவி செய்யத்தான் வந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இந்த மாதிரியான உதவியைச் சின்ன வயதிலிருந்தே நானும் பலருக்குச் செய்திருக்கிறேன்.

அருள்மலர் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். மேசைக்கு முன்னால் நின்றாள். வலது கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினாள். பிறகு இரண்டு விரல். மேசையிலிருந்தவன் எழுதாமல் ஜெரியைப் பார்த்தான். அவள் நகர்ந்து அவனுக்கும் ஜெரிக்கும் நடுவில் நின்றாள். மறுபடியும் மூன்று, இரண்டு. அவன் இன்னும் பேனாவைத் தொடவில்லை. இப்போது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மேல் வரிசையில் சோளப்பொரி விற்பவனுக்கும் தெரிகிற மாதிரி. மூன்று. இரண்டு.

சோளப்பொரி வந்து விழுந்தது. காகிதக் கோப்பைகள் வந்து விழுந்தன. தமிழில் இல்லாத கெட்ட வார்த்தைகள் வந்து விழுந்தன. அவள் கையை இறக்கவில்லை. மேசையிலிருந்தவன் எழுதினான். ஹோர்ன் ஒலித்தது. டெரல் வைஸ் வெளியே போனார்.

எங்கள் மூன்று வரிசையும் வாய் திறக்கவில்லை. கத்தவேண்டிய ஒரே தருணத்தில், கத்தவேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆட்கள். சண்முகநாதன் அண்ணை என் முழங்காலைப் பிடித்து நெரித்தார். நான் தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். குளிரில் தலை விறைத்தது.

ஆட்டம் முடியச் சில கணங்கள் இருக்க, ரொறன்ரோ ஒரு புள்ளியால் பின்னுக்கு நின்றபோது இன்னொன்று நடந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை என்பதால் நான் கதைக்கிறேன். அதே மெலிந்த ஆட்டக்காரன், அதே கூடைக்குக் கீழே, பதினான்காம் இலக்கத்தை அதே மாதிரி முழங்கையால் தள்ளினான். அவள் அதே மாதிரி ஊதினாள். பதினான்காம் இலக்கம் அந்த ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிதலையும் கூடைக்குள் விழுத்தினான். ரொறன்ரோ வென்றது. அவளுடைய விசிலால் வென்றது. வென்ற சனம் வெளியே போகும்வரை அவளுக்கு "பூ" சொல்லிக்கொண்டே போனது.

நான் அவளுடைய கோட்டோடு அறை வாசலில் நின்றேன். ஹாரிங்ரன் வந்தார். என்னையும் மரியாதையாக உள்ளே வரச் சொன்னார்.

"அணி உரிமையாளர் கோபமாக இருக்கிறார்," என்றார். "நான் சமாளிக்கிறேன். நீங்கள் ஒரு வசனம் சொன்னால் போதும். மூன்று பேர் எழும்பினார்கள், இலக்கம் தவறிவிட்டது என்று. எல்லா நடுவருக்கும் நடப்பதுதான். அடுத்த பருவத்துக்கு நீங்கள் இருப்பீர்கள். நான் உறுதி தருகிறேன்."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு வசனம். அதைச் சொன்னால் பஸ் இல்லை, விடியப் பனிக்குள் எழும்பத் தேவையில்லை, ஆசைப்பட்ட வேலை கைக்குள். என் வாயில் அந்த வசனம் தயாராக இருந்தது. அவளுக்காக நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. அன்றைய நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

"நான் கண்டேன்," என்றாள் அருள்மலர். "காணாததைக் கண்டதாகச் சொன்னால் பொய். கண்டதைக் காணவில்லை என்றாலும் பொய்தான். நீங்கள் கண்டீர்களா?"

ஹாரிங்ரன் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார்.

"வைஸ் தள்ளியதை நீங்கள் கண்டீர்களா?"

"நான் எங்கிருந்தேன் என்பது முக்கியமில்லை."

"கண்டிருக்கிறீர்கள்," என்றாள்.

ஹாரிங்ரன் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, ஆனால் இந்த லீக்கில் அல்ல என்றார். சட்டையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

"சட்டை நான் வாங்கியது," என்றாள். கோட்டை என் கையிலிருந்து எடுத்து, சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு நடந்தாள். நான் அவருக்குத் தலையாட்டி விடைபெற்றேன். பழக்கதோசம்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கார்த் தரிப்பிடத்தில் மல்வேர்ன் வானைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். பிளாஸ்க்கிலிருந்து ஒருவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அருள்மலர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தாள். நான் விசயத்தைச் சொன்னேன். சண்முகநாதன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, உன்ரை துணிவுக்கு நான் தலைவணங்கிறன். எங்கட ஊரின்ரை பேரைக் காப்பாத்திப்போட்டாய்."

"நன்றி அண்ணை."

"ஆனால்..."

"என்ன ஆனால்?"

"அந்த ஆறாவது... அது ஃபவுல் இல்லைப் பிள்ளை."

வானைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு. ஓம், ஓம் என்றார்கள் இரண்டு மூன்று பேர். வேலையைப் பறிகொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் சனம் இப்படித்தான். உயிரையும் தரும், தீர்ப்பை மட்டும் ஒத்துக்கொள்ளாது.

நான் நினைத்தேன், இப்போது அழப்போகிறாள் என்று. அவள் கோப்பையை வானின் மூக்கில் வைத்தாள்.

"இஞ்சாலை வாங்கோ அண்ணை. நீங்கள் வைஸ். இவர்" என்று என்னைப் பிடித்து இழுத்தாள், "ரொச்செஸ்ரர்."

"ஐயோ பிள்ளை, என்ரை வயசுக்கு..."

"வைஸுக்கும் வயசு போட்டுது. வாங்கோ."

பந்துக்கு என் ஜக்கெற்றைக் கழற்றிச் சுருட்டினோம். அவள் எங்களை இடம்பார்த்து நிறுத்தினாள். முழங்கை எங்கே, கால் எங்கே, கண் எங்கே என்று. ஜக்கெற்றை மேலே எறிந்தாள். நான் எழும்பினேன். எழும்பினேன் என்று சொல்வது மிகை, குதிக்காலைத் தூக்கினேன். ஜக்கெற் என் கைக்கு வந்தது. சண்முகநாதன் அண்ணை, கரப்பந்தாட்டக் காலத்து நினைவு வந்துவிட்டதோ என்னவோ, முழங்கையை என் விலாவுக்குள் விட்டு ஒரு தள்ளுத் தள்ளினார். நான் ஒரு ரொயோற்றாவின் மேல் போய்ச் சாய்ந்தேன்.

விசில் ஒலித்தது. தரிப்பிடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஃபவுல்!"

"நான் தொடவே இல்லை!" என்றார் அண்ணை.

அருள்மலர் என்னிடம் வந்தாள். "பட்டதோ, இல்லையோ?"

வானைச் சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சண்முகநாதன் அண்ணை சங்கத்தில் பெரிய ஆள். ஒவ்வொரு கோடையும் எனக்கு மேடையில் ஒரு கதிரை போடுகிறவர். பட்டும் படாமலும் என்று ஒரு பதில் என்னிடம் எப்போதும் இருக்கும். நான் விலாவைத் தடவினேன்.

"பட்டது," என்றேன். "நல்லாப் பட்டது."

"நீர் பெண்சாதிக்காகச் சொல்லுறீர்!" என்று அண்ணை பாய்ந்தார். "பக்கச்சார்பு!"

"ஓம் அண்ணை, பக்கச்சார்புதான். ஆனால் விலா என்ரை."

யாரோ சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. "ஆனாலும் வைஸ் செய்தது இப்பிடி இல்லை..." என்று தொடங்கினார்.

அப்போதுதான் கவனித்தேன். வைஸின் முப்பத்திரண்டாம் இலக்கச் சட்டை போட்ட நாலைந்து பேர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு. அவளை அடையாளம் கண்டுவிட்டான். உள்ளே சோளப்பொரி எறிந்த கைகளில் ஒன்று இவனுடையதாகவும் இருக்கலாம்.

"அது ஃபவுலே இல்லை, லேடி," என்றான்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். அருள்மலர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவனுடைய சட்டையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தாள். ரொயோற்றாவுக்குப் பக்கத்தில், சண்முகநாதன் அண்ணை நின்ற இடத்தை விரலால் காட்டினாள்.

"அங்கே நில்," என்றாள் ஆங்கிலத்தில். "நீதான் இப்போது வைஸ். செய்து காட்டு. நான் சொல்கிறேன்."

அவன் தன் நண்பர்களைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, போய் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் ஜக்கெற்றைக் கழற்றித் தோழனிடம் கொடுத்தான், தன் முறைக்கு ஆயத்தமாக. சண்முகநாதன் அண்ணை, "எனக்கு இன்னொருக்கா வேணும், முதல் தரம் கால் சறுக்கிப்போச்சு," என்றபடி அவர்களுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்தார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ரெடியோ?" என்று என்னைக் கேட்டாள். விசில் பல்லுக்கிடையில் இருந்தது.

நான் அந்த மனிதனின் முழங்கையைப் பார்த்தேன். என் ஜக்கெற்றை நிலத்திலிருந்து எடுத்து, பனியைத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, மேலே எறியச் சொல்லி அவளிடம் கொடுத்தேன்.